இது யாரு வீடு?

ஃபிலிம் கேமராவில் எடுத்த படங்களைச் சுற்றி நம்மிடையே நடக்கிற பேச்சில் பாதிக்கு மேல் ஃபிலிமைப் பற்றியதுதான். போர்ட்ரா 400-ஆ, கோல்ட் 200-ஆ? எங்கே கழுவினாய்? ஒரு ஸ்டாப் கூட்டிக் கொடுத்தாயா? லென்ஸில் பூஞ்சைக் காளான் உண்டா? இந்தப் பேச்சில் நானும் சளைத்தவன் இல்லை. பொறியாளன், ஒரு பொருளைக் கழற்றிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்து முடிக்க நூறு வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிற காலத்தில், முப்பத்தாறு படத்தில் ஒன்று வீணானாலும் ஏன் என்று கேட்கத்தான் தோன்றும். ஆனால் அந்தக் கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது. படத்தில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்ற இடத்துக்கு அது போவதே இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஈப்போ பழைய நகரத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் என் வயசுக்காரர்கள் சிலர் தங்கள் படங்களை மாட்டி, பார்க்க வந்தவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்கள்தான் பொருள். சுங்கை சிப்புட், சிம்மோர், தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் எடுத்தவை. நாற்பது படம் இருக்கும். கூரை போன லயம், கதவில்லாத ஆயாக்கொட்டகை, வேர் விழுங்கிய கோவில் சுவர், புல்லுக்குள் கவிழ்ந்து கிடக்கும் ஒரு மங்கு. மூன்றே படத்தில்தான் மனிதர் இருந்தார்கள். ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இன்னொன்றில் வெறும் பாதம்.

ஒரு லயத்துப் படத்தின் முன்னால் வயசான அம்மா ஒருவர் நெடுநேரம் நின்றார். எடுத்த பையனைக் கூப்பிட்டு, "இது யாரு வீடு தம்பி?" என்றார்.

"சுங்கை சிப்புட் பக்கம் ஆன்ட்டி. எக்ஸ்பயர் ஆன ஃபிலிம், அதான் பச்சையா இருக்கு."

"பச்சை இருக்கட்டும்பா. யாரு வீடு?"

பையனுக்குத் தெரியவில்லை. தோட்டத்தின் பெயரும் தெரியவில்லை. கூகுள் வரைபடத்தில் செம்பனைக்கு நடுவில் கூரை மாதிரி ஏதோ தெரிந்ததாம். மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு நடந்து போயிருக்கிறான். அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு, நிலைப்படியில் வீட்டு நம்பர் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

அந்தப் படம் மோசமான படம் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மாட்டியிருந்தவற்றில் நல்ல படங்களில் ஒன்று. வாசல் வழியாகத் தெரியும் பின்வாசலும், அதற்கப்பால் செம்பனையின் இருட்டும் அளந்து வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தன. அழகாக இருப்பதுதான் எனக்குச் சிக்கலாகப் படுகிறது. லயம் ஏன் காலியானது? தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது, கித்தா போய் செம்பனை வந்தது, நிலம் வீடமைப்புக்குப் போனது, ஆட்கள் புறம்போக்கிலும் மலிவுவிலை அடுக்குமாடியிலும் போய்ச் சேர்ந்தார்கள். இதில் எதுவும் படத்தில் இல்லை. தானாகவே பாழான மாதிரி ஒரு மென்சோகம் மட்டும் இருக்கிறது. அந்தச் சோகத்தையும் பாதி ஃபிலிம்தான் தயாரித்துக் கொடுக்கிறது. காலாவதியான ரோலில் எதை எடுத்தாலும் நினைவு மாதிரி தெரியும், நேற்றுத் திறந்த செவன் இலெவன் கடை உட்பட.

ஏன் எல்லாரும் சுவரையே எடுக்கிறோம்? முதல் காரணம் எளிது. சுவர் அசையாது, எதுக்கு எடுக்கிறீங்க என்று கேட்காது, ஒரு காப்பி கொடுங்க என்று பின்னால் வராது. இரண்டாவது காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது, அதைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை. மதிய வெயிலில் வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் நம் நிறத்து முகம் ஒன்றை நிறுத்தி, கேமராவின் மீட்டர் சொல்வதைக் கேட்டு அழுத்தினால், சுவர் நன்றாக வரும். முகம் கரிக்கட்டையாக வரும். மீட்டர் எதைப் பார்த்தாலும் சராசரிச் சாம்பல் நிறமாக ஆக்கப் பார்க்கும், அவ்வளவுதான் அதன் அறிவு. முகத்தருகே போய் அளந்து, தேவைப்பட்டால் ஒரு ஸ்டாப் கூடவே கொடுக்க வேண்டும். கலர் நெகட்டிவ் அதைத் தாங்கும். சுவரும் பெரிதாகக் கெடாது.

குறை மீட்டரில் மட்டும் இல்லை. கோடாக் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டையில் பல பத்தாண்டுகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. அந்த அட்டைக்கே 'ஷெர்லி' என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். பழுப்பு நிறங்களைச் சரியாகக் காட்டச் சொல்லி கோடாக்கை நெருக்கியவர்களில் மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும் இருந்தன என்பது அதில் வரும் செய்தி. நம் முகத்துக்காக இல்லை, மேசைக்காக. அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பத்தில் பட்டுச்சேலை பளபளக்க முகம் மட்டும் மங்கிக் கிடப்பதற்கு ஈப்போ ஸ்டூடியோக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது என்கிறேன்.

ஆக, முகத்தை எடுக்க உழைப்பு வேண்டும். அதைத் தவிர்த்துவிட்டு, தவிர்த்ததற்கு 'மூட்' என்று பேர் வைத்துக்கொள்கிறோம்.

இது நாம் தொடங்கிய பழக்கம் இல்லை. சிங்கப்பூரில் கடை வைத்திருந்த ஜி.ஆர். லேம்பர்ட் போன்ற கம்பெனிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நம்மாட்களை எடுத்து விற்றன. தமிழ்ப் பெண், தமிழ்க் கூலி என்று இனப்பெயர் மட்டும் கீழே இருக்கும். கோலாகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. எங்கிருந்து வந்தது, எந்த வருஷம் நட்டது என்று அதற்கு வரலாறு உண்டு. அடுத்து வந்த லட்சக்கணக்கான மரங்களில் பால் வெட்டியவர்களுக்குப் படம் இருந்தாலும் பெயர் இல்லை.

பெயரோடு படம் எடுத்தது அரசாங்கம்தான். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. அதன் பின்னாலேயே பன்னிரண்டு வயசைத் தாண்டிய எல்லாருக்கும் படமும் கைரேகையும் உள்ள அடையாளக் கார்டு வந்தது. காட்டில் இருந்தவர்களுக்கும் இதன் ஆபத்து புரிந்திருந்தது; கார்டுகளைப் பறித்துக் கிழித்தார்கள். என் கொள்ளுத்தாத்தாவுக்கு வாழ்நாளில் இருந்த ஒரே படம் அந்தக் கார்டில் இருந்ததுதான். கண்ணை அகல விரித்து, யாரோ அதட்டியதற்கு நிமிர்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பார். அவர் செத்த பிறகு அதையே ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, போடாத கோட்டு ஒன்றை வரைந்து, நெற்றியில் விபூதி தீட்டி, சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். சந்தேகப்பட்டு எடுத்த படம் எங்கள் வீட்டில் குலசாமியாகிவிட்டது. மலாயாத் தமிழர்களின் புகைப்பட வரலாறு என்று யாராவது எழுதினால் முதல் அத்தியாயம் இந்தப் பெரிதாக்கிய ஐ.சி. படங்களாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடி எடுத்து எண்மமாக்கியிருக்கிறார்கள். நம் பக்கத்துப் படங்கள் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.

காலியான இடத்தை எடுக்கவே கூடாதா என்று அன்று ஒரு நண்பர் கோபப்பட்டார். எடுக்கலாம். யூஜின் அட்ஜே முப்பது வருஷம் பாரிஸின் ஆளற்ற தெருக்களையும் வாசல்களையும் எடுத்தவர். ஆனால் எந்தத் தெரு, எந்த வீடு என்று குறித்து வைத்தார். இடிக்கப்படப் போகிற ஊருக்கு அவை பத்திரங்கள் மாதிரி. அவருடைய வெறுமைக்கு முகவரி இருந்தது. இதற்கு மறுபக்கம் டோரதியா லேங்க். 1936-இல் கலிபோர்னியாவில் அவர் எடுத்த புலம்பெயர் தாயின் படம் உலகம் பூராவும் போனது. அந்தப் பெண்ணின் பெயரை அவர் கேட்கவே இல்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று 1978-இல்தான் வெளியே தெரிந்தது, அதுவும் அந்தப் படத்தின் மேல் அவருக்கு இருந்த மனக்கசப்போடு சேர்ந்து. முகம் இருந்தாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது, இதனால்.

அந்த மாடியில் எனக்குப் பிடித்த ஒரே படம் மூலையில், மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. புந்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டு வாசலில் ஒரு பாட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நேர் ஃபிளாஷ், பின்னால் கறுப்பு நிழல், ஒரு பக்கம் ஒளி கசிந்த சிவப்புக் கறை. யாரும் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஆனால் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. கீழே ஒரு தாளில் பாட்டியின் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த லயம், எந்த வெட்டுக்காட்டில் எத்தனை வருஷம், காண்டா வாளி தூக்கி எந்தத் தோள் இறங்கியது என்பது வரை எழுதியிருந்தது. தோளைப் படித்துவிட்டு மறுபடி நிமிர்ந்தால்தான் அவர் உட்கார்ந்திருக்கும் கோணல் புரிகிறது. எடுத்த பெண்ணிடம் என்ன ஃபிலிம் என்று கேட்டேன் (கேட்காமல் இருக்க முடியவில்லை). கடையில் எது மலிவோ அது என்றாள்.

பாட்டியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் சம்மதித்தது அந்தச் சுவருக்கு. இந்தப் பக்கத்துக்கு இல்லை. பெயர் போட வேண்டும் என்று கத்துகிற கட்டுரையிலேயே பெயர் போட முடியாமல் போகிறது, பாருங்கள். கேட்டு வாங்க வேண்டியது அது, ஒவ்வொரு முறையும்.

அடுத்த சந்திப்பு தெலுக் இந்தானில் என்கிறார்கள். படம் கொண்டுபோகிறவர்கள் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்னால் தடம் விழும். அந்தக் கால ஒட்டும் ஆல்பத்திலிருந்து எடுப்பதாக இருந்தால் பல் துலக்கும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அறுத்து எடுங்கள். வேகமாக உரித்தால் எழுத்து இருக்கிற பக்கம் ஆல்பத்திலேயே தங்கிவிடும்.