யன்னலோரத்து முகம்

வெள்ளவத்தையில் கடற்பக்கம் பார்த்த யன்னல் இருந்தால் வீட்டு வாடகை கூட. பின்னேரக் காற்றுக்குத்தான் அந்தக் காசு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். முகம் படமெடுக்கிறவனுக்கு அந்த யன்னல் காலையில்தான் உதவும். ஒன்பது மணிக்குச் சூரியன் காலி வீதிப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் நிற்கும். யன்னலால் வருவது வெயில் அல்ல, கடலும் வானமும் சேர்ந்து அனுப்புகிற வெறும் வெளிச்சம். அதற்குப் பக்கவாட்டாக ஒருவரை இருத்திப் பாருங்கள். ஒரு கன்னத்தில் விழுகிற வெளிச்சம் மூக்கைத் தாண்டும்போதே கரையத் தொடங்கி, மற்றக் கன்னத்தில் நிழலாகி நிற்கும். அந்தக் கரைவுக்காகத்தான் நான் முகப்படம் பார்க்கிறேன்.

இதைக் கண்டுகொள்ள எனக்கு இரண்டு வருடம் போனது. முதலில் எடுத்ததெல்லாம் மொட்டைமாடியில், நடு மத்தியானத்தில். ஏப்ரல் முற்பகுதியில் கொழும்புக்குச் சூரியன் நேர் உச்சியில் வரும். மற்ற மாதங்களிலும் மத்தியானத்தில் பெரிதாகச் சரிவதில்லை. கண் இரண்டும் குழி, மூக்குக்குக் கீழே மீசை மாதிரி ஒரு நிழல். மாமி படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, நான் செத்தாப் பிறகு பேப்பரில போடவே எடுத்தனீ?" என்றா.

அடுத்தது, கைபேசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோன காலம். ஒரு முழத் தூரத்தில் எடுத்தால் மூக்குப் பெருக்கும், காது பின்னால் ஒளிக்கும். பிழை மூக்கில் இல்லை, தூரத்தில். ஐந்தடி பின்னுக்குப் போய், கைபேசியின் இரண்டு மடங்கு வில்லையால் எடுத்தபோதுதான் மாமிக்குத் தன் முகம் கிடைத்தது. கமரா வைத்திருப்பவர்கள் 85 மில்லிமீற்றர் வில்லையைத் தேடுவதும் இதற்காகத்தான். கமரா கண் மட்டத்தில் நிற்கட்டும்; கிட்டவுள்ள கண்ணில் குவியம் இருக்கட்டும். அந்தக் கண்ணில் யன்னல் ஒரு குட்டி வெள்ளைச் சதுரமாக விழும். அது விழாத கண்ணுக்கு உயிர் இல்லை. நிழல் பக்கம் கூட இருண்டால் ஒரு ரிஜிபோம் துண்டைக் கன்னத்துக்கு நேரே பிடித்தால் காணும்.

பள்ளிக்கூடத்தில் 1833 கோல்புறூக் - கமரன் சீர்திருத்தத்தைப் பாடமாக்கிய எங்களுக்கு, அந்தக் கமரனின் மனைவியைப் பற்றி ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஜூலியா மார்கரெட் கமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் இங்கிலாந்தில் அவருக்கு ஒரு கமரா வாங்கிக் கொடுத்தபோது வயது 48. அதற்கடுத்த மாதமே அனி என்ற சிறுமியின் முகத்தை எடுத்து, இதுவே என் முதல் வெற்றி என்று குறித்து வைத்தார். கண்ணாடித் தகட்டில் ஈர மருந்து பூசி எடுக்கிற காலம். இருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். ஜூலியா குவியத்தைத் திருப்பிக்கொண்டு போகையில் எந்த இடத்தில் முகம் வடிவாகத் தெரிகிறதோ அங்கேயே நிறுத்திவிடுவார். படம் கலங்கியிருக்கிறது என்று லண்டன் படக்கலைச் சங்கத்தார் குறை சொன்னார்கள். 1867இல் அவர் எடுத்த வானியலாளர் ஹேர்ஷலின் படத்தைப் பாருங்கள்: இருட்டுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தலையும் இரண்டு கண்களும். அதைக் கலங்கல் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய ஸ்ரூடியோக்களின் கண்ணாடி அலுமாரியில் இருக்கும் படங்களும் எனக்குப் பிடிக்கும், ஒரு மனக்குறையோடு. நெகட்டிவில் பென்சிலால் மெல்லத் தீட்டினால் அந்த இடம் படத்தில் வெளுத்து வரும். தழும்பும் சுருக்கமும் அப்படித்தான் மறைந்தன, கூடவே நிறமும். இன்றைக்குக் கலியாணப் பேச்சுக்குக் கொடுக்கிற படத்தில் அதே வேலையைக் கணினி ஒரு நொடியில் செய்கிறது. பெண்ணின் நிறம் போய் மாவு நிறம் வருகிறது. கமராவும் லேசுப்பட்டதல்ல. வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுத்த முகத்தை வைத்தால் அது சுவரைப் பார்த்து மிரண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டினால் தோல் தன் நிறத்திலேயே மினுங்கும்.

அந்த மினுக்கத்தை அறிந்தவர் இலங்கைப் படக்கலைஞர் லயனல் வென்ட் (1900–1944). சட்டம் படித்தவர், பியானோ வாசித்தவர், 1943இல் தொடங்கிய '43 குழு' என்ற ஓவியர் அமைப்பின் முதன்மையானவர்களில் ஒருவர். அவர் படங்களில் கறுத்த உடலில் வெளிச்சம் எண்ணெய் பூசியது போல வழியும். கறுப்பை அவர் வெளுக்கவில்லை. அவர் பெயர் கொண்ட அரங்குக்கு நாடகம் பார்க்கப் போகிறோம், அவர் படங்களைப் பார்க்கத்தான் போவதில்லை.

அடையாள அட்டைப் படத்துக்கு நேரே பார்க்க வேண்டும், சிரிக்கக் கூடாது, நிழல் விழக் கூடாது. அந்தப் பழக்கத்தோடுதான் எல்லாரும் கமராவுக்கு முன்னால் வந்து இருக்கிறார்கள். மாமியும் அப்படித்தான், விறைத்துப்போய் இருந்தா. ஏதோ பழைய கதையைக் கேட்டேன். சொல்லிக்கொண்டிருக்கும்போது கீழே கடலோரத்தால் ரெயில் வந்தது. வெள்ளவத்தைக்காரர் ரெயில் வந்தால் பேச்சை அப்படியே நிறுத்தி வைப்பார்கள், போனபின் தொடர்வார்கள். பாதிச் சொல் உதட்டில் நிற்க, கண் யன்னலுக்கு வெளியே போக, மாமி காத்திருந்தா. அந்த அரை நிமிடத்தில் ஏழு படம் எடுத்தேன். நாலாவதுதான் இப்போது சுவரில் இருக்கிறது.

ஜூலியா கமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879இல் இங்கேயே இறந்தார், பொகவந்தலாவையில் அடக்கம். இங்கே எடுத்தவற்றில் எஞ்சியவை முப்பது வரைதான். இங்கிலாந்தில் எடுத்த பெரியவர்களின் படங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. 1878இல் களுத்துறையில் எடுத்த ஒரு படத்துக்கோ 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பது மட்டுமே தலைப்பு. நீங்கள் எடுக்கும் முகங்களைக் கைபேசிக்குள்ளேயே விட்டுவிடாமல் நாலைந்தையாவது பிரதி போட்டு, பின்பக்கத்தில் பெயரையும் திகதியையும் எழுதி வையுங்கள்.