கேட்டால் மட்டும் பேசும் பில்டுகள்

1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய பில்ட் கருவியான மேக், இயக்கப்போகும் ஒவ்வொரு கட்டளையையும் முதலில் திரையில் காட்டும். காட்ட வேண்டாமென்றால் அந்த வரியின் தலையில் ஓர் '@' குறி போட வேண்டும். பேசுவது அதன் இயல்பு. மௌனம் கேட்டுப் பெறுவது. பின்னால் வந்தவை இதைத் தலைகீழாக்கின. லினக்ஸ் கெர்னலின் 2.6 வரிசையில் ஒவ்வொரு கோப்புக்கும் 'சிசி' என்ற ஈரெழுத்தும் கோப்பின் பெயரும்தான் வரும்; முழுக் கட்டளை வேண்டுவோர் 'வி=1' என்று சேர்த்துக் கேட்க வேண்டும். ஆட்டோமேக் 2009இல் 1.11ஆம் பதிப்பில் இதே வசதியைத் தந்தது. நிஞ்சா என்ற பில்ட் கருவி ஒரே வரியை அழித்து அழித்து எழுதுகிறது. இந்த மௌனத்தை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. கெர்னல் கோப்பு ஒன்றைக் கம்பைல் செய்யும் கட்டளை பல திரை வரிகளுக்கு நீளும். ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு அது ஓடும்போது நடுவில் வரும் ஓர் எச்சரிக்கை யார் கண்ணிலும் படாது. சுருக்கிக் காட்டியதால்தான் எச்சரிக்கைகள் படிக்கப்படுகின்றன.

ஆனால் இந்த ஏற்பாட்டின் அடியில் ஓர் ஊகம் இருக்கிறது: பில்ட் உடையும்போது மட்டும் கட்டளை தெரிந்தால் போதும் என்பது. நிஞ்சா இந்த ஊகத்துக்கு மிக நேர்மையாக நடந்துகொள்கிறது. ஒரு கட்டளை தோற்றால் அதை முழுமையாக அச்சிட்டுவிட்டுத்தான் நிற்கும். ரஸ்ட் மொழியின் பில்ட் கருவியான கார்கோவும் பில்ட் ஸ்கிரிப்ட் தோற்றால் அது சொன்னதையெல்லாம் கொட்டிவிடும். சிக்கல், தோற்காத பில்டில் இருக்கிறது. லினக்ஸ் விநியோகமான டெபியனின் கொள்கைக் கையேடு, பில்ட் இயன்றவரை விரிவாகப் பேச வேண்டும் என்று கேட்பதை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அடுக்கு நினைவகத் தாக்குதலைத் தடுக்கும் ஃபிளாக் போன்ற சிலவற்றை டெபியன் தன் தொகுப்புகளுக்கெல்லாம் தருகிறது. ஒரு மென்பொருளின் மேக்ஃபைல், தன் சொந்த மதிப்பை எழுதி அவற்றை அழித்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கம்பைல் ஆகும், சோதனைகள் தேறும், பயனருக்குப் போய்ச் சேரும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. இதைப் பிடிக்க டெபியனில் 'பிஎல்ஹெச்சி' என்றொரு கருவி உண்டு. அது படிப்பது பில்ட் லாகை. லாகில் கட்டளை இல்லையென்றால் அதற்குப் படிக்க ஒன்றுமில்லை. டெபியனின் தொகுப்புக் கருவியான டெப்ஹெல்பர் ஆட்டோமேக்கின் மௌனத்தைத் தானே அணைத்துவிடுவது இதனால்தான்.

கம்பைலரையே கட்டும் ஸ்கிரிப்டில் இந்தக் குறை பல மடங்காகிறது. ரஸ்ட் கம்பைலரின் 'எக்ஸ்.பை'யை எடுத்துக்கொள்வோம். அது முதலில் ஏற்கெனவே கட்டப்பட்ட ஒரு கம்பைலரைப் பதிவிறக்கி, அதைக் கொண்டு புதியதைக் கட்டி, அந்தப் புதியதைக் கொண்டு மறுபடியும் தன்னைக் கட்டிக்கொள்ள வல்லது. எந்த நிலையில் எந்தக் கம்பைலர் ஓடியது என்பதே பாதிப் பிழைகளுக்கு விடை. அமைப்புக் கோப்பில் பேச்சின் அளவை 0 முதல் 3 வரை வைக்கலாம். 3இல் ஒவ்வொரு முறையும் சூழல் மாறிகள்கூட அச்சாகும். தாராளம்தான். ஆனால் ஸ்கிரிப்ட் கார்கோவை அழைக்கிறது. கார்கோ நேராகக் கம்பைலரை அழைக்காமல், இடையில் செருகப்பட்ட ஒரு சிறு நிரலை அழைக்கிறது. அந்த நிரல் தன் பங்குக்குச் சில ஃபிளாக்குகளைச் சேர்த்துத்தான் உண்மையான கம்பைலரை ஓட்டுகிறது. ஆகவே கார்கோ காட்டும் கட்டளையை நகலெடுத்துத் தனியே ஓட்டினால் அதே பலன் வரும் என்று நம்ப முடியாது. ரஸ்ட் கம்பைலர் நம்பியிருக்கும் எல்எல்விஎம்மையும் மூலத்திலிருந்து கட்டச் சொன்னால் சிமேக்கும் நிஞ்சாவும் உள்ளே வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி வாய், தனிப் பூட்டு: சிமேக்கின் மேக்ஃபைலுக்கு 'வெர்போஸ்=1', நிஞ்சாவுக்கு ஒரு 'வி', கார்கோவில் பில்ட் ஸ்கிரிப்ட் பேசுவதைக் கேட்க இரண்டு 'வி'. மேலடுக்கில் கேட்டது கீழடுக்குக்குப் போய்ச் சேருமா என்பது ஸ்கிரிப்டை எழுதியவரின் கருணையைப் பொறுத்தது.

இதைவிட அடிப்படையான கோளாறு ஒன்று உண்டு. சந்தேகம் வந்த பிறகு 'வி=1' போட்டு மறுபடி ஓட்டினால், மேக் ஏற்கெனவே கட்டி முடித்த கோப்புகளைத் தொடாது. எதைப் பார்க்க நினைத்தோமோ அந்தக் கட்டளை வராது. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து கட்டினால் கட்டளை வரும். அது இன்றைய கட்டளை, பிழையான கோப்பை உண்டாக்கிய அன்றைய கட்டளையா என்பது வேறு கேள்வி. நடந்ததன் பதிவைக் கேட்பவருக்கு, மறுபடி நடத்திக் காட்டுகிறேன் என்று பதில் தருகிறார்கள்.

விரிவான லாகை யாரும் படிப்பதில்லை என்பது வழக்கமான மறுப்பு. உண்மைதான், மனிதர் படிப்பதில்லை, 'பிஎல்ஹெச்சி' படிக்கிறது. இணையாக ஓடும் வேலைகளின் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்ற மறுப்புக்கு 2013இல் வந்த குனு மேக் 4.0 விடை தந்துவிட்டது. ஒவ்வொரு வேலையின் வெளியீட்டையும் சேர்த்துவைத்து ஒன்றாகக் கொடுக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. ரகசியம் கசியும் என்பதுதான் கனமான மறுப்பு. சூழல் மாறிகளை அச்சிடும் அளவு, சேவைகளின் டோக்கனையும் சேர்த்தே அச்சிடும். பொதுவில் வைக்கப்படும் லாகில் அது ஆபத்து. சூழலை வடிகட்ட வேண்டும் என்பதற்கு இது நல்ல காரணம், கட்டளையை மறைப்பதற்கு அல்ல. விரிவான லாக் சதியையும் காட்டிக்கொடுக்கும் என்று வாதிடுவோர் மட்டும் சற்று அடக்கி வாசிக்கலாம். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் சுருக்க மென்பொருளின் பின்கதவு, பில்ட் ஸ்கிரிப்டின் வழியாகவே உள்ளே நுழைந்தது. அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்டுக்குச் சந்தேகம் வந்தது எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை விநாடி தாமதித்ததாலும் நினைவகச் சோதனைக் கருவியான வால்கிரைண்ட் காட்டிய பிழைகளாலும்தான்.

ஆகவே திரையில் மௌனமும் கோப்பில் முழுப் பேச்சும் இருப்பதே சரி. இரண்டையும் ஒரே பொத்தானில் கட்டியது பிழை. பாதி வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. கார்கோ ஒவ்வொரு பில்ட் ஸ்கிரிப்டின் வெளியீட்டையும் டார்கெட் அடைவின் உள்ளே ஒரு கோப்பில் சேமிக்கிறது. சிமேக், கேட்டால், கம்பைல் கட்டளைகளையெல்லாம் ஒரு ஜேசான் கோப்பாக எழுதித் தரும். ஆனால் லிங்க் செய்யும் கட்டளை அதில் இல்லை, ஓடுவதற்கு முன்பே எழுதப்படுவதால் உண்மையில் ஓடியதற்கு அது சாட்சியும் இல்லை. நிஞ்சாவின் லாக் இன்னும் விசித்திரம்: கட்டளை மாறியதா என்று அறிய ஒவ்வொன்றின் ஹாஷையும் எழுதிவைக்கிறது. நிஞ்சாவுக்கு அது போதும். பிழையைத் தேடுபவருக்கு, கட்டளை மாறிவிட்டது என்பது தெரியும். எதிலிருந்து மாறியது என்பது தெரியாது.