இயந்திரத்துக்கு எட்டாதவை: லூசி சச்மனின் நூல் பற்றிய ஒரு நோக்கு

மனித–இயந்திரத் தொடர்பாடல் தனியோர் ஆய்வுத்துறையாக உருப்பெற்றது கடந்த நூற்றாண்டின் எண்பதுகளிலாகும். 1983இல் கார்ட், மொரான், நியூவெல் ஆகியோர் வெளியிட்ட நூல், கணனியைப் பயன்படுத்துவோரைத் தகவலைப் பெற்று முறைப்படுத்தும் பொறியமைப்பாகக் கொண்டு, அவர்தம் செயலுக்கு ஆகும் நேரத்தைக் கணித்தறிய முற்பட்டது. நோக்கமும் திட்டமும் முன்னமைய, செயல் அவற்றைப் பின்தொடரும் என்பதே அக்காலத்து ஆய்வாளர் பலரின் எடுகோள். இவ்வெடுகோளை வினாவுக்குட்படுத்தியது 1987இல் வெளிவந்த லூசி சச்மனின் 'திட்டங்களும் சூழல்சார் செயல்களும்' என்னும் நூல்.

மானிடவியலாளரான சச்மன் செரொக்ஸ் நிறுவனத்தின் பலோ அல்ரோ ஆய்வுநிலையத்திற் பணியாற்றியவர். அறிவுறுத்தல் வழங்கும் கணனி இணைந்த நிழற்பிரதி இயந்திரமொன்றை முதன்முறை இயக்க முயன்றோரை இருவர் இருவராக ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்தார். அவர்கள் தமக்குள் ஐயுற்றுப் பேசியவையும் விரலாற் சுட்டியவையும் இயந்திரத்துக்கு எட்டவில்லை. பொத்தானை அழுத்துதல் போன்ற சில மாற்றங்களே எட்டின. அவற்றைக் கொண்டு, முன்கூட்டியே வரையப்பட்ட திட்டத்தின் எந்தப் படியில் அவர்கள் நிற்கின்றனர் என இயந்திரம் ஊகித்தது. ஊகம் பிழைத்தபோதும் அறிவுறுத்தல் தொடர்ந்தது. அதனைத் தம் செய்கைக்கான மறுமொழியெனக் கொண்டு அவர்கள் பொருள் தேடினர். பிழையில்லாதவிடத்துப் பிழையென மயங்குதலும், பிழை நேர்ந்தும் அறியாது மேற்செல்லுதலும் இவ்வாறு நிகழ்ந்தன.

இந்நூலின் பெறுமதி யாது? விளங்காமைக்குப் பயன்படுத்துவோரின் அறியாமையைக் காரணங்காட்டும் வழக்கத்தை அது தகர்த்தது. சூழலை அறிவதற்கு மனிதருக்குள்ள வாய்ப்பும் இயந்திரத்துக்குள்ள வாய்ப்பும் சமமல்ல; அச்சமமின்மையே தடையின் தோற்றுவாய் என அது நிறுவியது. திட்டம் செயலை நிர்ணயிப்பதன்று, செயலுக்குத் துணையாகும் வளமே என்ற அதன் முடிவும் இதிலிருந்தே பிறக்கிறது.

எனினும், நூலாசிரியரின் பார்வை பெரிதும் அவ்வறைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. இயந்திரத்தை அங்கு நிறுவியோர் யார், அது தவறும்போது நட்டத்தைச் சுமப்போர் யார் என்னும் வினாக்கள் போதிய அழுத்தம் பெறவில்லை. 2007இல் புதிய இயல்களுடன் வந்த இரண்டாம் பதிப்பு இவ்வெல்லையை ஓரளவு விரித்தது.

பேச்சையும் படத்தையும் ஏற்றுச் சரளமாக மறுமொழி தரும் இயந்திரங்கள் பரவிவிட்ட இக்காலத்தில், சச்மன் கண்ட தடைகளுட் சில நீங்கிவிட்டன என்பது மெய்யே. ஆயினும் மொழிச்சரளம் வேறு, சூழலறிவு வேறு. அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் இயந்திரத்தின் சொல் தீர்ப்பாக மாறுமிடத்து, 'நீ என்னைப் பிழையாக விளங்கிக்கொண்டாய்' எனச் சொல்லித் திருத்தும் உரிமை மனிதருக்கு உண்டா என்பதே முதன்மையான வினா. அவ்வினாவுக்குரிய அடித்தளத்தை இட்டதனாலேயே இந்நூல் இன்றும் கற்கப்படவேண்டியதாகிறது.