ஓட்டின் உள்ளேயும் நீலம்

அரௌகானா கோழியின் முட்டையை உடைத்து ஊற்றியதும் ஓட்டைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. உள்சவ்வை உரித்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். வெளியே என்ன நீலமோ அதே நீலம் உள்ளேயும் இருக்கும். பழுப்பு முட்டையில் இதைப் பார்க்க முடியாது. அங்கே ஓடு உருவாகி முடியும் தறுவாயில்தான் நிறம் மேலே ஏறுகிறது; வினிகரில் நனைத்துத் தேய்த்தால் கரைந்து வந்துவிடும், உள்ளே வெள்ளைதான். நீல முட்டைக்கோ, ஓடு கட்டும் ஏறக்குறைய 20 மணி நேரமும் சுண்ணாம்போடு சேர்ந்தே பிலிவெர்டின் என்ற நிறமி இறங்கிக்கொண்டிருக்கிறது. அடிபட்டுக் கன்றிய தோல் ஆறும்போது பச்சையாகத் தெரிகிறதே, அதற்கும் காரணம் இந்தப் பொருள்தான். பச்சை முட்டையிடும் கோழிகளில் நடப்பதும் எளிமையானது: நீல ஓடு, அதன் மேல் பழுப்புப் பூச்சு. எந்தப் பச்சை முட்டையை உடைத்தாலும் உள்ளே நீலம் தெரியும்.

நீலம் என்றதும் மைப் புட்டியை நினைத்துவிட வேண்டாம். வெயில் ஏறிய பிறகு வெளுத்துப்போன வானத்தின் நீலம் அது. தனியாக வைத்தால் வெள்ளைதானோ என்று தயங்க வைக்கும். வெள்ளை லெகார்ன் முட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்ததும் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இந்த நிறம் எங்கிருந்து வந்தது என்பது 2013இல் தெளிவாயிற்று. எப்போதோ ஒரு ரெட்ரோவைரஸ் கோழியின் மரபுப் பொருளுக்குள் புகுந்து ஒரு மரபணுவின் அருகே தங்கிவிட்டது. அதனால் அந்த மரபணு, வழக்கத்துக்கு மாறாக, ஓடு உருவாகும் சுரப்பியிலும் வேலைசெய்யத் தொடங்கியது. சீனாவின் டோங்சியாங், லூஷி கோழிகளும் நீல முட்டை இடுகின்றன. அங்கேயும் அதே வகை வைரஸ், அதே மரபணு. ஆனால் அது புகுந்த இடம் சற்றே வேறு. ஆகவே உலகின் இரு மூலைகளில், சிலியிலும் சீனாவிலும், இது தனித்தனியாக நடந்திருக்கிறது. இயற்கையின் இந்த இரட்டைத் தற்செயலை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

அரௌகானாவின் பூர்வீகம் சிலி நாட்டின் மாபுச்சே மக்கள் வாழும் தென்பகுதி. அங்கே இருவகைக் கோழிகள் இருந்தன. கொயோங்காவுக்கு வால் கிடையாது, நீல முட்டையிடும். கெத்ரோவுக்குக் காதோரம் இறகுக் குஞ்சம். இரண்டையும் சேர்த்து வளர்த்தவர் ரூபென் புஸ்தோஸ். 1914இல் சிலிக்குப் போன ஸ்பானியக் கோழியியலாளர் சால்வடோர் காஸ்தெயோ அவற்றைப் பார்த்து அசந்துபோனார். 1921இல் ஹேக் நகரில் கூடிய முதல் உலகக் கோழி மாநாட்டில் இது தனிச் சிற்றினமே என்று அறிவித்தார். பின்னர் அதைத் திருத்திக்கொண்டார். அமெரிக்கத் தர நூலில் அரௌகானா ஏறியது 1976இல். வாலும் தாடியும் உள்ள அமெரௌகானா என்ற இனம் 1984இல் இடம்பிடித்தது.

இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் நான் அரௌகானா பக்கம்தான். வளர்க்கச் சிரமமானது அதுவே. வால் இல்லை என்றால் இறகு மட்டும் இல்லை என்று பொருளல்ல. முதுகெலும்பின் கடைசிக் கணுக்களே இல்லை, அங்கே இருக்க வேண்டிய எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை. பின்பக்கத்து இறகு மூடிக்கொள்வதால் சேவல் மிதித்தும் முட்டை கூமுட்டையாகப் போகும். பருவம் தொடங்கும்போது அந்த இறகுகளைக் கத்தரித்துவிடுவார்கள்.

குஞ்சத்தின் கதை இன்னும் கடினம். காதருகே சிறு சதைக் காம்பு ஒன்று, அதிலிருந்து இறகு முளைக்கிறது. சிலதில் அது சுருண்டு வளையமாக நிற்கும், சிலதில் விசிறிபோல் விரியும், சிலதில் பின்னோக்கிக் கூராகப் படியும். ஒரு காதில் மட்டும் இருக்கும் கோழிகளும் உண்டு. இரு பக்கமும் ஒரே அளவில், ஒரே வாக்கில் அமைந்த பறவையைப் பார்த்துவிட்டால் வளர்ப்பவர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஆனால் இந்தக் குஞ்சத்துக்கான மரபணுவைத் தாய், தந்தை இரு வழியிலும் பெற்ற கரு பொரிக்காது. அடையின் கடைசி நாள்களில் ஓட்டுக்குள்ளேயே இறந்துவிடும். குஞ்சமுள்ள ஜோடியைச் சேர்த்தால் நாலில் ஒரு பங்கு அப்படிப் போகும். அதனால் குஞ்சமில்லாத, வழுவழுப்பான முகமுள்ள பெட்டையோடு சேர்ப்பதே விவரமான வழி. குஞ்சுகளில் பாதிக்குத்தான் குஞ்சம் வரும். கண்காட்சியில் யாரும் திரும்பிப் பார்க்காத அந்தப் பெட்டைதான் பட்டியின் ஆதாரம். இந்த அழகை ஒருமுறை நிலைநிறுத்திவிட்டு ஓய முடியாது; தலைமுறைதோறும் புதிதாகத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

இறகின் நிறங்களுக்கும் குறைவில்லை: கறுப்பு, வெள்ளை, வெள்ளி, கோதுமை. கோதுமை நிறத்தில் பெட்டை வெளிர் சந்தனமாக இருக்கும், சேவல் கறுப்பும் செம்மையுமாக மின்னும். பிரிட்டனில் லாவெண்டர் நிறத்துக்கு மவுசு அதிகம். கறுப்பு முழுவதும் ஒரே சீராக வெளுத்து மேகச் சாம்பலாகும் நிறம் அது. ஜோடி சேர்த்தால் பிசகாமல் அப்படியே வரும். ‘நீலம்’ என்று அழைக்கப்படும் இறகு அப்படி நிற்காது. நீலமும் நீலமும் சேர்ந்தால் பாதிக் குஞ்சுகள்தான் நீலம். மீதியில் ஒரு பாதி கறுப்பு, மறுபாதி வெள்ளையில் தெளித்த சாம்பல்.

எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த இடம் சேவல்தான். முட்டை நிறத்தில் பாதி அவனுடைய கொடை. அவனோ ஒரு முட்டையும் இடப்போவதில்லை. அவனுக்குள் இருக்கும் நீலத்தை எப்படித் தெரிந்துகொள்வது? கொண்டையைப் பார்ப்பது பழைய உத்தி. மூன்று வரிசையாகத் தாழ்ந்து படியும் பட்டாணிக் கொண்டைக்கான மரபணுவும் நீல முட்டைக்கான மரபணுவும் ஒரே குரோமோசோமில் நெருங்கி இருக்கின்றன, பெரும்பாலும் பிரியாமல் சேர்ந்தே இறங்குகின்றன. ஒற்றைக் கொண்டைப் பெட்டைகளோடு சேர்த்துப் பிறந்த குஞ்சுகளில் பட்டாணிக் கொண்டைச் சேவலாகப் பார்த்து எடுத்தால் ஏமாற்றம் குறைவு. கேம்பிரிட்ஜில் உருவான கிரீம் லெக்பார் என்ற கோழியினத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அதற்கு ஒற்றைக் கொண்டையும் உண்டு, நீல முட்டையும் உண்டு. அங்கே மகள்களைத்தான் கேட்க வேண்டும்: வெள்ளை முட்டைப் பெட்டைகளோடு சேவலைச் சேர்த்து, மகள்கள் முட்டைக்கு வரும்வரை ஆறேழு மாதம் காத்திருப்பது. எல்லா மகள்களும் நீலமாக இட்டால் அவன் இரட்டை நீலம், அதாவது நீல மரபணுவைத் தாய், தந்தை இரு வழியிலும் பெற்றவன். பாதிதான் என்றால் ஒற்றை.

இப்போது மரபணுப் பரிசோதனை வந்துவிட்டது. ஒற்றையா இரட்டையா என்று அது சொல்லிவிடும். எவ்வளவு ஆழ்ந்த நீலம், எவ்வளவு பச்சை கலந்தது என்று சொல்லாது. அதற்குக் கண்தான் வேண்டும். பருவத்தின் முதல் முட்டைகள் நல்ல நிறமாக இருக்கும். இடஇட வெளுத்துக்கொண்டே போகும். இறகு உதிர்ந்து, ஓய்ந்து, மறுபடி இடத் தொடங்கும்போது நிறம் திரும்பும். முதல் வாரத்து முட்டையைக் காட்டி விற்பவர்கள் அதிகம். பருவக் கடைசியில் இட்ட முட்டை எந்தப் பெட்டையிடம் இன்னும் நீலமாக நிற்கிறதோ, அதன் முட்டையை அடைக்கு எடுப்பேன்.