நான்கு கம்பி

பேஸ் கிதாரின் நான்கு கம்பிகளும் சாதாரணக் கிதாரைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பவை. தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும். காதைவிட நெஞ்சுக்கூடுதான் அதை முதலில் உணரும். 1951-இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ்தான் இந்தக் கருவியை உலகெங்கும் பரப்பியது. தமிழ்ச் செவிக்கு இதன் அருமையை உணர்த்தியவர் இளையராஜா. ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’வில் பேஸ் மட்டும் தனியே ஒரு மெட்டுப் பாடிக்கொண்டே போகும். எத்தனை முறை கேட்டாலும் அலுக்காத அழகு அது.

திருப்பூர்ப் பக்கம் பேஸ் வாசிப்பவருக்குச் சோறு போடுவது மெல்லிசைக் கச்சேரி. ஆடி, மார்கழியில் கல்யாண வரவேற்புகள் இராது. கோயில் நோம்பிதான் கைகொடுக்கும். மேடையில் சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறிச் சுண்ட, ஒவ்வொரு சுரமும் கிக் டிரம்மோடு ஒட்டி விழவேண்டும். சுரத்தை உரிய இடத்தில் கையால் அணைத்து நிறுத்துவது அதைவிடக் கடினம்.