பொலிஸ் தொடர்களிற் பெண்ணும் வன்முறையும் குழுவும்: ஒரு திறனாய்வு நோக்கு

தொலைக்காட்சி வழங்கும் கதைவடிவங்களுள் பொலிஸ் தொடர் தனித்த ஆய்வுக்குரியது. குடும்பத் தொடரிலே அதிகாரம் உறவின் பெயரால் மறைந்து நிற்கின்றது; பொலிஸ் தொடரிலோ அது சீருடை அணிந்து, தடியேந்தி, சட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு நேராகவே வருகின்றது. யார் யாரை அடிக்கலாம், யார் யாருக்குக் கட்டுப்படவேண்டும், யாருடைய முறைப்பாடு செவிமடுக்கப்படும் என்னும் வினாக்களுக்கு ஒரு சமுதாயம் தன்னகத்தே வைத்திருக்கும் விடைகளை இத்தொடர்கள் அறிந்தோ அறியாமலோ வெளிப்படுத்திவிடுகின்றன. ஆதலின் இவற்றை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

1982ஆம் ஆண்டிலே ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியபோது மலையகத்திலே தொலைக்காட்சிப் பெட்டி அரிய பொருளாயிருந்தது. இன்று ரத்தோட்டை, எல்கடுவை, உக்குவெலைப் பகுதிகளின் லயன் கூரைகளிலே தட்டு அலைவாங்கிகள் நிமிர்ந்து நிற்கின்றன. கைத்தொலைபேசியின் சிறுதிரையிலே தமிழ்நாட்டுத் தொடரும் டில்லித் தொடரும் வந்து சேருகின்றன. மாத்தளைப் பார்வையாளர் திரையிலே காணும் பொலிஸ் நிலையம் ஒன்று; வாழ்க்கையிலே அறிந்த பொலிஸ் நிலையம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து பார்ப்பதற்கு, அண்மைக்காலப் பொலிஸ் தொடர்களின் மையத்துக்கு வந்துவிட்ட பெண் அதிகாரி என்னும் பாத்திரம் ஏற்ற அளவுகோலாகும். பெண்ணைக் குழுவின் தலைமையில் அமர்த்துதல் ஒன்று. குழுவின் நெறியை மாற்றுதல் வேறொன்று. முன்னையதை இத்தொடர்கள் திறம்படச் செய்துள்ளன. பின்னையதை அணுகும்போது தயங்குகின்றன. இத்தயக்கத்தின் காரணமே ஈண்டு ஆராயப்படுகின்றது.

இவ்வகைத் தொடர்களுக்கு முன்மாதிரியாக அமைந்தது 1991ஆம் ஆண்டு பிரித்தானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிய 'பிரைம் சஸ்பெக்ட்' எனலாம். லிண்டா லா பிளான்ட் எழுதிய அத்தொடரிலே, ஹெலன் மிரன் நடித்த ஜேன் டெனிசன் என்னும் அதிகாரி, முன்னைய தலைவர் திடீரென இறந்துபட்டமையால் ஒரு கொலை விசாரணைக் குழுவுக்குத் தலைமையேற்கின்றாள். குழுவினர் அவளை வெறுக்கின்றனர். அவ்வெறுப்புக்குப் பெண் என்பது மாத்திரம் காரணமன்று. இறந்த தலைவருக்குக் கொலையுண்ட பெண்ணொருத்தியோடு இருந்த தொடர்பை மறைத்துவைக்கச் சார்ஜன்ட் ஒட்லி முயலுகின்றான்; புதிதாக வந்தவள் அந்த இரகசியத்துக்கு வெளியே நிற்பவள். ஆண்களின் குழு எதனால் கட்டப்பட்டுள்ளது என்பதை அத்தொடர் துணிந்து காட்டியது. பகிர்ந்துகொண்ட உழைப்பைப் போலவே, பகிர்ந்துகொண்ட மறைப்பும் அதனைக் கட்டி வைத்திருக்கின்றது.

இந்தியாவிலே இதற்கு இரண்டாண்டு முன்னரே, 1989இல், தூர்தர்ஷன் 'உடான்' என்னும் தொடரை ஒளிபரப்பியது. அதனை எழுதி இயக்கிக் கல்யாணி என்னும் பாத்திரத்திலும் நடித்தவர் கவிதா சௌத்ரி. இந்தியப் பொலிஸ் சேவையின் இரண்டாவது பெண் அதிகாரியான தம் தமக்கை காஞ்சன் சௌத்ரியின் வாழ்வே அதற்கு மூலமாயிற்று. அவரே 2004இல் உத்தராகண்ட் மாநிலத்தின் பொலிஸ் தலைமைப் பதவியை ஏற்று, இந்தியாவில் அப்பதவியை அடைந்த முதற் பெண்மணியானார். 'உடான்' ஒரு பெண் சீருடையை அடைவதற்கு நடத்தும் போராட்டத்தின் கதை. சீருடை அணிந்தபின் அவள் என்ன செய்கின்றாள், அவளைச் சூழ்ந்தோர் செய்வனவற்றுக்கு அவள் எவ்வாறு முகங்கொடுக்கின்றாள் என்னும் வினாக்கள் பின்வந்த தலைமுறைக்கு விடப்பட்டன.

தமிழிலே அவ்வினாவை ஓரளவு எதிர்கொண்ட தொடர், புஷ்கர் - காயத்ரி உருவாக்கத்தில் பிரம்மா, அனுசரண் ஆகியோரின் இயக்கத்தில் 2022 ஜூனில் வெளிவந்த 'சுழல்' ஆகும். தமிழ்நாட்டில் முதலாவது அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992ஆம் ஆண்டு சென்னை ஆயிரம்விளக்கிலே திறக்கப்பட்டது. பெண்களின் முறைப்பாட்டைப் பெண்களே கேட்பதற்கு அது வழிவகுத்தது. ஆயினும் பெண் பொலிஸார் என்றால் குடும்பத் தகராறு விசாரிப்போர் என்னும் எண்ணமும் கூடவே வளர்ந்தது. 'சுழல்' அவ்வெண்ணத்தை முதலிலேயே உடைக்கின்றது. ஸ்ரேயா ரெட்டி நடித்த ரெஜினா, சாம்பலூர் என்னும் கற்பனை ஊரின் பொது நிலையத்துக்கு ஆய்வாளர். சீமெந்துத் தொழிற்சாலை, அதன் தொழிற்சங்கம், சங்கத் தலைவர் சண்முகம், தொழிற்சாலையை எரித்த தீ ஆகிய யாவும் அவளுடைய அதிகார எல்லைக்குட்பட்டவை. கதிர் நடித்த உதவி ஆய்வாளன் சக்கரை அவளுக்கு வெறும் கீழதிகாரியல்லன். வீட்டுப் பிள்ளைபோல் உரிமையோடு பழகுபவன்.

இவ்வுரிமையே தொடரின் உயிர்நிலையாகின்றது. சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற்போகின்றாள். அவளோடு காதல்வயப்பட்டிருந்தவன் ரெஜினாவின் மகன். விசாரணை செய்யும் குழுவும் விசாரிக்கப்படும் குடும்பமும் ஒன்றாகிவிடுகின்றன. தாயா, அதிகாரியா என ரெஜினா பிளவுண்டு நிற்க, சக்கரை தன் தலைவியின் வீட்டையே சந்தேகிக்கவேண்டியவனாகின்றான். குழுவைக் குடும்பமாகக் கருதும் நம் வழக்கத்தின் ஆபத்தை இவ்விடத்திலே தொடர் நன்கு உணர்ந்திருக்கின்றது. அண்ணன், அக்கா என உறவு கொண்டாடும் ஒரு நிலையத்திலே உண்மையைக் கூறுதல் துரோகமாகத் தோன்றும்.

எனினும் தொடரின் முடிவு வேறு திசையிற் செல்கின்றது. குற்றவாளி வெளியிலே இல்லை; சண்முகத்தின் தம்பியாகிய குணா, வீட்டுக்குள்ளேயே இருந்து, மூத்தவள் நந்தினியையும் பின்னர் நிலாவையும் சிறு பிராயத்திலே சீரழித்தவன். மயானக் கொள்ளை விழாவின் உக்கிரத்தோடு இணைத்து, நந்தினியின் கையாலேயே அவன் மாள்வதாகக் கதை முடிகின்றது. பல்லாண்டு மௌனம் காத்தவளின் சினம் நியாயமானது; பார்வையாளர் மனமும் அதனோடு ஒன்றுகின்றது. ஆனால் அம்மனின் உக்கிரம் அவள்மேல் ஏற்றப்படும் கணத்திலே, அவள் முறைப்பாட்டைச் செவிமடுத்திருக்கவேண்டிய நிறுவனங்கள் யாவும் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகின்றன. தெய்வமாக்கப்பட்ட பெண்ணுக்குச் சட்டம் தேவையில்லை. அவளுக்குச் சட்டத்தைக் கொடுக்கவேண்டிய கடமையும் எவருக்கும் இல்லாமற் போகின்றது. 2025இல் வந்த இரண்டாம் பருவம் நந்தினியைச் சிறையிலே காட்டி இக்குறையை ஓரளவு நேர்செய்கின்றது. அப்பருவத்திலே ஒரு வழக்கறிஞரின் கொலையை, எட்டு இளம் பெண்கள் வெவ்வேறு நிலையங்களிலே தனித்தனியே ஏற்றுக்கொள்கின்றனர். பொலிஸார் குற்றத்தை மறைத்து ஒன்றுபடுவர். இப்பெண்களோ குற்றத்தை உரிமைகோரி ஒன்றுபடுகின்றனர். தமிழ்த் தொடரொன்றிலே பெண்களின் குழுவுக்குக் கொடுக்கப்பட்ட வலிய கற்பனைகளுள் இஃது ஒன்று. அது பொலிஸ் நிலையத்துக்கு வெளியே நிகழ்வது கருதத்தக்கது.

நிலையத்துக்கு உள்ளே நின்று கதை சொல்லுவது, 2020இல் சிறந்த நாடகத் தொடருக்கான சர்வதேச எம்மி விருதைப் பெற்ற 'டெல்லி கிரைம்'. ரிச்சி மேத்தா இயக்கி 2019இல் வெளிவந்த அதன் முதற் பருவம், 2012 டிசம்பர் 16ஆந் திகதி டில்லிப் பேருந்திலே நிகழ்ந்த கொடுமையை அடிப்படையாகக் கொண்டது. அக்கொடுமையை அத்தொடர் திரையிலே காட்டவில்லை. பெண்ணுடலுக்கு நேர்ந்த துன்பத்தைக் காட்சிப்பொருளாக்கி விற்கும் திரையுலகில் இக்கட்டுப்பாடு பெரிதும் மதிக்கத்தக்கது. ஷெஃபாலி ஷா நடித்த வர்த்திகா, துணை ஆணையாளராக உறக்கமின்றித் தன் குழுவை நடத்துகின்றாள். கீழுள்ளோர் அவளை 'மேடம் சார்' என்று விளிக்கின்றனர். பெண்ணுக்குரிய மரியாதைச் சொல் போதாதென, ஆணுக்குரியதும் அதன்மேல் ஒட்டப்படுகின்றது. பதவி அவளுடையதாயினும் பதவியின் பால் மாறவில்லை என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வர்த்திகாவின் குழு நல்லோர் குழு. பூபேந்திரனின் பொறுமையும் பயிலுநர் அதிகாரி நீதியின் இளமை நேர்மையும் மனத்தைக் கவருகின்றன. குறை, அக்குழுவின் நன்மையை நாட்டுவதற்காகத் தொடர் பிறரைச் சிறுமைப்படுத்துவதில் உள்ளது. 2012இல் டில்லி வீதிகளில் இறங்கிய இளைஞர்கள், பொலிஸார்மீதும் அரசின்மீதும் நியாயமான வினாக்களை எழுப்பினர். அப்போராட்டத்தின் விளைவாக அமைக்கப்பட்ட நீதியரசர் ஜே. எஸ். வர்மா குழு, 2013 ஜனவரியிலே அளித்த அறிக்கையிற் பொலிஸ் சீர்திருத்தம் பற்றியும் விரிவாகப் பேசியது. தொடரிலோ போராட்டக்காரர் பெரும்பாலும் விசாரணைக்கு இடையூறாகவே தோன்றுகின்றனர். பெண்ணின் தலைமை, நிறுவனத்தின்மீது எழுந்த விமர்சனத்துக்கு விடையாக நிறுத்தப்படுகின்றது. இத்தகைய ஒரு பெண் இருக்கும்போது நிறுவனத்தை எவ்வாறு குறைகூறலாம் என்பது தொடர் சொல்லாமற் சொல்லும் வாதம். 2022இல் வந்த இரண்டாம் பருவம் இதனை உணர்ந்து, ஒரு காலத்திலே குற்றப்பரம்பரை என முத்திரை குத்தப்பட்ட மக்களை வர்த்திகாவின் குழுவே சாதி பார்த்துச் சுற்றிவளைப்பதைக் காட்டுகின்றது. அங்கு அவளுடைய மனச்சாட்சி உறுத்துகின்றது. எனினும் உறுத்தல் அவளுடையது, அடி வேறொருவருடையது.

2023இல் வெளிவந்த 'தஹாட்' தொடரிலே இச்சாதியுணர்வு குழுவின் உள்ளேயே நுழைகின்றது. ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்த உதவி ஆய்வாளர் அஞ்சலி தன் மேசையைக் கடக்குந்தோறும் உடன் பணிபுரியும் ஒருவன் ஊதுபத்தி கொளுத்துகின்றான். சொல்லொன்றும் இல்லாத அச்சிறு செயல், குழு என்னும் சொல்லின் பொய்ம்மையைப் பல உரையாடல்களிலும் கூர்மையாக உணர்த்துகின்றது.

இத்தொடர்கள் எழுதத் தயங்கிய கதையொன்று, இலங்கைக்கு எதிர்க்கரையிலுள்ள தூத்துக்குடி மாவட்டத்திலே மெய்யாகவே நிகழ்ந்தது. 2020 ஜூன் 19ஆந் திகதி, ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகக் கூறிச் சாத்தான்குளம் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தனர். விசாரிக்கச் சென்ற நீதவானையே அந்நிலையத்தோர் அவமதித்தனர். உயர் நீதிமன்றத்தின் பணிப்பின்பேரில் நிலையம் வருவாய்த்துறையினரின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அந்நிலையிலே, அன்றிரவு கடமையிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், இருவரும் இரவு முழுவதும் அடிக்கப்பட்டதையும் தடியிலும் மேசையிலும் இரத்தக்கறை படிந்திருந்ததையும் அச்சத்தோடு சாட்சியமாகக் கூறினார். அவருக்குப் பாதுகாப்பு அளிக்குமாறு நீதிமன்றம் பணித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் மத்திய புலனாய்வுப் பணியகம் ஒன்பது பொலிஸார்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

அவர் குழுவின் தலைவியல்லர். துப்பாக்கி ஏந்தவில்லை, தெய்வ உக்கிரமும் கொள்ளவில்லை. தாம் கண்டதைக் கூறினார்; அவ்வளவே. ரெஜினாவையும் வர்த்திகாவையும் படைத்த கற்பனை, இத்தகைய பெண்ணைக் கதையின் நடுவே நிறுத்த இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. குழுவை வென்றெடுக்கும் பெண் பார்வையாளருக்கு மகிழ்ச்சி தருகின்றாள். குழுவை முறிக்கும் பெண்ணோ, அக்குழுவின் வெற்றியிலே தாமும் களித்த பார்வையாளரையும் சேர்த்தே விசாரிக்கின்றாள். தயக்கத்தின் காரணம் இதுவாதல் வேண்டும்.

இலங்கைச் சூழலிலும் இவ்வாராய்ச்சி புறம்பானதன்று. 2020இல் பிம்ஷானி ஜாசிங்காராச்சி நாட்டின் முதலாவது பெண் பிரதிப் பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்டார். மறு ஆண்டிலே ஆண் அதிகாரிகள் 32 பேர் அந்நியமனத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை நாடினர். ஒட்லி திரையிலே மறைவாகச் செய்ததை இவர்கள் மனுவாக எழுதிக் கையொப்பமிட்டனர்.

மாத்தளை மண்ணுக்கு இன்னும் நெருங்கிய நினைவொன்றும் உண்டு. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவிலே நிலம் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. பின்னர் 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. அவற்றின் காலம் பற்றி நிபுணர்கள் முரண்பட்டனர். 1987 முதல் 1990 வரையான கொடுங்காலத்திலே பிள்ளைகளை இழந்த தாய்மாருக்கோ, அக்குழியின் முன்னே நின்றபோது எழுந்த வினா ஒன்றே: அன்று கண்டவர்கள் எங்கே? கட்டளையிட்டோரும் நிறைவேற்றியோரும் மட்டும் ஒரு குழுவாவதில்லை. பார்த்துக்கொண்டிருந்து பின்னர் வாய்திறவாதோரும் அதன் உறுப்பினரே.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை நம்பி, கணவனின் அடியைப் பற்றி முறையிடத் தோட்டத்துப் பெண்ணொருத்தி மலையிறங்கி வருவாளாயின், அவளுக்கு நிலையத்திலே வேண்டப்படுவது தன் மொழியிலே முறைப்பாட்டை எழுதிக்கொள்ளும் ஒருவரும், மறுநாள் மேலதிகாரி மழுப்பும்போது எழுதியது எழுதியதே என்று கூறும் ஒருவரும் ஆவர். அவ்விருவரும் ஒருவராகவே இருக்கலாம். அவருக்குச் சாகசம் எதுவும் வேண்டியதில்லை. அத்தகைய ஒருவரைப் பொலிஸ் தொடர்கள் கதாநாயகியாக்கும் நாளிலேதான், பெண் காக்கியுடை அணிந்தாள் என்பதற்கு அப்பால், அவ்வுடையின் பொருளே மாறத் தொடங்கியது எனத் திறனாய்வாளர் எழுத இயலும்.