சாரங்கனும் நூல்வழி ஆற்றுப்படுத்தலும்

மனத்துயருக்கு நூல்களை மருந்தாக்கும் முறைக்கு 1916இல் அமெரிக்கக் கட்டுரையாளர் சாமுவேல் குரோதர்ஸ் நகைச்சுவைக் கட்டுரையொன்றில் பெயர் சூட்டினார். வேடிக்கையாகத் தோன்றிய அப்பெயர் பின்னர் ஒரு துறையாயிற்று. இங்கிலாந்தில் 2016இல் பதின்ம வயதினர்க்கெனப் பரிந்துரை நூற்பட்டியலே வெளியிடப்பட்டது. சிங்கப்பூரில் 2021இல் நடைமுறைக்கு வந்த குணநலன், குடியியல் கல்விப் பாடத்திட்டமும் மனநலக் கல்விக்கு இடமளித்துள்ளது. இந்நிலையில், உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியர் எந்நூலைக் கொடுப்பது என்னும் வினா இயல்பாகவே எழுகிறது. எவ்வாறு கொடுப்பது என்பதே அதனினும் முதன்மையான வினா என்பது நம் கருத்து.

இதனைத் தெளிவுபடுத்தக் கு. அழகிரிசாமியின் (1923-1970) 'அன்பளிப்பு' சிறுகதை துணைபுரியும். 1950களில் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய அவர் இவ்வட்டாரத்துக்கு அயலவர் அல்லர். 1970இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தொகுப்பின் தலைப்புக் கதை இது. கதைசொல்லி அண்டை வீட்டுச் சிறுவர்க்கு அன்போடு நூல்கள் கொணர்பவர். பிற பிள்ளைகளுக்கு அவர் பரிசளித்த நாட்குறிப்பேடு சாரங்கனுக்குக் கிட்டவில்லை. அவன் அவரைத் தன் வீட்டிற்கு வற்புறுத்தி அழைக்கிறான். தானே ஒரு நாட்குறிப்பேட்டை எடுத்து நீட்டி, அவர் தனக்கு அன்பளித்ததாக எழுதித் தருமாறு வேண்டுகிறான்.

இங்கு நோக்கத்தக்கது யாதெனில், சாரங்கனுக்கு ஏடு கிடைக்காமலில்லை; தன்னையும் ஒருவர் நினைத்தார் என்னும் உறுதியே கிடைக்கவில்லை. கிளமெண்டி மாணவனின் நிலையும் இதுவே. 2011இல் அங்குள்ள கடைத்தொகுதியில் திறக்கப்பட்ட பொது நூலகம் அவனுக்கு எட்டும் தொலைவில் உள்ளது. அவனை அறிந்து, அவனுக்கென ஒரு நூலைத் தேர்ந்து தருபவர் உளரா என்பதே வினா.

இக்கதையைக் கருத்தறிதல் பகுதியாக்கி, 'பொறாமை தவிர்த்தல்' என நீதி வரைந்து மதிப்பெண் இடுவோமாயின், சாரங்கனை மீண்டும் ஒருமுறை புறக்கணித்தவராவோம். துயரில் முடியும் கதை இளம் மனத்தை மேலும் வாட்டாதா எனச் சிலர் ஐயுறலாம். பெயரிட இயலாத தன் வேதனையைப் பிறனொருவனிடம் காண்பதே தனிமையைத் தணிக்கும் எனலாம். எனினும், கடுந்துயரில் உழலும் மாணவனுக்குக் கதை மட்டும் போதாது. பள்ளி ஆலோசகரின் துணை இன்றியமையாதது.

கதைசொல்லி அன்பற்றவர் அல்லர், கவனியாதவர். அதனால்தான் இக்கதையை மாணவரிடம் கொடுக்குமுன் ஆசிரியராகிய நாம் படித்தல் வேண்டும். நம் வகுப்பின் சாரங்கன் யார் என்னும் வினாவுக்கு விடை கண்ட பின்னரே நூற்பட்டியல் பயன்தரும்.